டேபிளில் இருந்த ஏழு தார்க் கறைகள்

1946 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை நாலேகாலுக்கு எழுந்தேன். வெந்நீர்க் குளியல். நான்கு இட்லி, ஒரு டம்ளர் காப்பி. மயிலாப்பூர் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பும்போது ஐந்து பத்து. தூறல் இருந்ததால் தொப்பி போட்டுக்கொண்டேன். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஆறு நிமிடம் நின்றேன். ஐந்து ஐம்பதுக்கு ரயில் எஞ்சின் ஷெட்டில் கையெழுத்து. டியூட்டி பேப்பர் பார்த்தேன், தொட்டித் தண்ணீர் மட்டம் பார்த்தேன், சக்கரம் வழுக்காமல் தூவும் மணல் உலர்கிறதா என்று பார்த்தேன். மூன்றும் சரி.

இவை அன்றைய டைரியில் உள்ளபடி. இப்போது இவற்றை எடுத்து எழுதக் காரணம், எங்கள் ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபோர்மன் எனக்குப் போட்ட ஒரு கார்டு. நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஷெட்டின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும், அலுவலகக் கோப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தார். கோப்பை நானும் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று தாள்கள் உண்டு. ஒன்று கூரை ஒழுகுவது பற்றி. இரண்டு, கூரை ஒழுகுவது பற்றி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பது பற்றி. மூன்றாவது கறையான் தின்றது.

எனக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். ஷெட் அரைவட்டமாகக் கட்டப்பட்டது. உள்ளே பதினோரு பாதைகள், விசிறி மடிப்பைப் போல ஒரே இடத்தில் வந்து கூடும். கூடும் இடத்தில் வட்டமான கருங்கல் குழி. குழியின் நடுவில் ஓர் இரும்பு முளை. முளையின் மேல் ஐம்பதடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பாலம், அதன் மேல் தண்டவாளம். இதுதான் டர்ன்டேபிள். நாங்கள் டேபிள் என்போம். எஞ்சின் அதன் மேல் ஏறி நிற்கும். ஆட்கள் இரு முனையிலும் உள்ள தள்ளுகட்டையைப் பிடித்துத் தள்ளுவார்கள். பாலம் எஞ்சினோடு சுழன்று, வேண்டிய பாதைக்கு நேராக வந்து நிற்கும். பாலம் அசையாமலிருக்கத் தாழைப் போட்டதும் எஞ்சின் இறங்கிப் போகும். ஷெட்டுக்குள் போவதற்கும் வருவதற்கும் வேறு வழி கிடையாது. டேபிள் கப்பலில் வந்தது. செய்தவர்களின் பெயர் வார்ப்பிரும்பில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதன்மேல் பெயின்ட் அடித்ததால் நான் சேர்ந்த காலத்திலேயே படிக்க முடியவில்லை. கட்டிய ஆண்டு வாசல் வளைவின் மேல் பொறித்திருந்ததாகச் சொல்வார்கள். அதன்மேல் சுண்ணாம்பு.

நான் அங்கே எஞ்சின் துடைப்பவனாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, சார்ஜ்மேன் என்ற மேற்பார்வையாளன் ஆனேன். மொத்தம் முப்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துடைத்தேன், முடுக்கினேன், எழுதினேன். மற்றவர்களைவிட ஒழுங்காக எழுதியதால் சார்ஜ்மேன் ஆனேன் என்று நினைக்கிறேன்.

டேபிள் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எஞ்சினும், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரும் சேர்ந்தால் யானைக் கூட்டத்தின் எடை. அதை நான்கு பேர் தள்ளிவிட முடியும். எடை முழுவதும் நடு முளையின்மேல் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சமமாக உட்கார்ந்தால் இரண்டு பேரே போதும். ஓர் அடி முன்னே பின்னே போனால் இருபது பேர் வந்தாலும் நகராது. எனவே எஞ்சினை டேபிளில் எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த வேலையின் முழு வித்தை. அப்போது ஓடிய பெரிய எஞ்சினுக்கு முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை நாற்பத்தேழு அடி. மிச்சம் மூன்றடி. அந்த மூன்றடிக்குள் வித்தையைக் காட்ட வேண்டும்.

அதைக் காட்டி வந்தவர் முனுசாமி. டேபிளுக்குப் பொறுப்பாளர். வயது நாற்பத்தெட்டு. சைதாப்பேட்டையிலிருந்து நடந்து வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய சர்வீஸ் தாளில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் குறிப்பு இருந்தது. இன்னொன்று விழுந்தால் வேலையிலிருந்து நீக்கம். அந்த வயதில் வேறெந்த ஷெட்டும் சேர்க்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வியாழனன்று மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. ஏழு பதினைந்துக்கு டேபிளைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். எஞ்சின் ஏறும் முனையில், தண்டவாளத்தை ஒட்டிய பலகையில் தார்க் கறைகள் இருந்தன. விரலால் இழுத்தவை. கோணலும் மாணலுமாக ஏழு. பல ஆண்டுகளாக அவை என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன.

என்னிடம் டேபிளின் வரைபடத்தின் நகல் ஒன்று இருந்தது. அதன்படி பெரிய எஞ்சினின் கடைசிச் சக்கரம் பாலத்தின் விளிம்பிலிருந்து இருபத்தாறு அங்குலத்தில் நிற்க வேண்டும். டேப் வைத்து அளந்தேன். ஏழு கறைகளில் உள்தள்ளி இருந்த கறை மிகச் சரியாக இருபத்தாறில் இருந்தது. அதிலிருந்து மற்ற ஆறும் தவறு என்று முடிவு செய்தேன்.

மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷும் கொண்டுவரச் சொன்னேன். முனுசாமி வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"அழுக்கை எடுக்கிறேன்."

"அது அழுக்கு இல்ல சார். நான் வெச்சது."

"எதுக்கு ஏழு? எஞ்சின் ஒண்ணுதானே?"

"எஞ்சின் ஒண்ணுதான் சார். வவுறு ஒண்ணா கீது? ஒரு நாளைக்கு ரொம்பிக்கினு வருது, ஒரு நாளைக்குக் காலியா வருது."

"எந்த ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு?"

"ரிஜிஸ்டர்ல இல்ல சார்," என்றார் முனுசாமி.

"அப்ப எடுத்துடலாம்."

அவர் சொன்னதை நான் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது, டைரியிலும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் வயிற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. பின்னாளில் விசாரித்ததில், அந்த வரைபடம் வேறொரு ஷெட்டுக்காகப் போட்டது என்று தெரிந்தது. அங்கே எஞ்சின் முதலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பிறகு டேபிளுக்கு வரும். எங்கள் ஷெட்டில் தண்ணீர்க் குழாய் டேபிளுக்கு அப்பால், உள்ளே இருந்தது. எங்களிடம் எஞ்சின் ஓடிக் களைத்து, டெண்டர் காலியாக வந்து நிற்கும். பின்பாரம் குறைந்தால் எஞ்சின் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். எவ்வளவு குறைந்தால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதுதான் அந்த ஏழு கறைகள்.

எதையும் எழுதாமல் அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எனவே ஒவ்வொரு கறையும் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று டைரியில் குறித்துக்கொண்டேன்: 5, 8, 11½, 15, 19, 22, 26. தலைப்பு, 'அகற்றப்பட்ட அசுத்தங்கள்.' பிறகு ஏழையும் தேய்த்து எடுத்து, இருபத்தாறில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். ஓர் அங்குல அகலம். நன்றாக வந்திருந்தது. கோட்டில்தான் நிறுத்த வேண்டும், முன்பின் கூடாது என்று ஓர் உத்தரவு எழுதிப் பலகையில் மாட்டினேன். எட்டு நாற்பதுக்கு வேலை முடிந்தது.

எட்டு ஐம்பத்தைந்துக்கும் ஒன்பது முப்பதுக்கும் ஷெட்டிலிருந்து இரண்டு எஞ்சின்கள் வெளியே போயின. இரண்டிலும் தண்ணீர் முழுமட்டம். இரண்டும் வெள்ளைக் கோட்டில் நின்றன, டேபிள் பட்டாகத் திரும்பியது. டைரியில் 'திருப்தி' என்று எழுதினேன்.

பத்து முப்பத்தைந்துக்கு, காலைப் பாசஞ்சரை இழுத்துவந்த எஞ்சின் ஷெட்டுக்குத் திரும்பியது. டிரைவர் வரதன். பலகையைப் படித்து, கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தினார். தாழை எடுத்தார்கள். நான்கு பேர் தள்ளினார்கள். டேபிள் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. ஆறு பேர் தள்ளினார்கள். நின்றதுதான்.

"மூக்கு கனக்குது. பின்னால வுடு வரதா, கொஞ்சம் பின்னால," என்று முனுசாமி குரல் கொடுத்தார்.

"எவ்ளோ?"

முனுசாமி குனிந்து பலகையைப் பார்த்தார். அங்கே வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. "வா, வா, வா" என்று கையை ஆட்டினார். வரதன் நீராவியைத் திறந்தார். எஞ்சின் பதினெட்டு அங்குலம் வந்திருந்தால் போதும். இருபத்தெட்டு வந்தது. டேபிள் ஏற்கெனவே ஒரு சாண் விலகியிருந்ததால் பின்னால் பாதை இல்லை. டெண்டரின் கடைசி இரண்டு சக்கரங்கள் குழியில் இறங்கின. அதிகச் சத்தம் வரவில்லை. மணி பத்து நாற்பத்தொன்று.

ஷெட்டுக்குள் ஒன்பது எஞ்சின்கள் இருந்தன. நான்கில் நெருப்பு தயார். ஒன்றுகூட வெளியே வர முடியாது.

எங்கள் ஃபோர்மன் மிஸ்டர் டிக்ரூஸ் ஆங்கிலோ இந்தியர். உயரம் குறைவு. கத்தமாட்டார். ஏதேனும் கெட்டது நடந்தால் தொப்பியைக் கழற்றி அருகில் எங்காவது கவிழ்க்காமல் மல்லாத்தி வைப்பார். பிறகு கேட்பார். எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்பது அவர் வழக்கம். இரண்டு பதிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் நம்பமாட்டார். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாய் என்பார். அன்று வந்து குழியை எட்டிப் பார்த்தார். தொப்பியை வரதனின் சாப்பாட்டுக் கூடையின்மேல் மல்லாத்தினார்.

"எத்தினி சக்கரம் மேன்?"

"ரெண்டு சார்," என்றேன்.

"எத்தினி?"

"கடைசி ஜோடி மட்டும் சார்."

"ஓகே. ஃபர்ஸ்ட் தூக்கு. அப்புறம் யாருன்னு பாக்கலாம்."

தூக்கினோம். நின்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு அடித்தோம். அடுப்பில் நெருப்பை அணைக்காமல் தாழ்த்தி வைத்தோம். கடைசியில் எஞ்சின் தன் சொந்தக் காலில்தான் இறங்க வேண்டும். மீதியிருந்த கரியை டெண்டரிலிருந்து கூடையால் இறக்கினோம். குழியின் தரை ஈரமாக இருந்ததால் ஜாக்கி புதையாமலிருக்க ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். இரண்டு ஜாக்கிகள், இரு பக்கமும் ஒரே நேரத்தில். ஓர் அங்குலம் தூக்கினால் உடனே ஓர் அங்குலக் கட்டை செருக வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் கையை உள்ளே விடக்கூடாது. பதினேழு அங்குலம் தூக்க இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆனது. ஓரம் நகர்த்தி, தண்டவாளத்தின் மேல் உட்கார வைக்க இன்னொரு மணி. மூன்று பத்துக்கு எஞ்சின் முழுவதும் டேபிளில் இருந்தது. ஒரு சாயங்கால வண்டி ரத்து. மற்றவை தாமதம்.

இந்த நேரம் முழுவதும் நான் வெள்ளைக் கோட்டைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வேலை இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம்.

ஐந்து மணிக்கு ஃபோர்மன் அறையில் விசாரணை. எழுதத் தெரியாதவரின் வாக்குமூலத்தை சார்ஜ்மேன்தான் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். எனவே முனுசாமி நின்றார். நான் உட்கார்ந்து எழுதினேன்.

"பின்னாலே வரச் சொன்னது யாரு?" என்றார் டிக்ரூஸ்.

"நான்தான் சார்."

"யாரு சொன்னது?"

"நான்தான் சார் கை காட்டினேன்."

"ஏன்?"

"கோட்டுல நின்னா திரும்பல சார்."

"ஏன் திரும்பல?"

முனுசாமி என்னைப் பார்க்கவில்லை. மேசையின் காலைப் பார்த்தார். "தெரியல சார்."

"ஏன் திரும்பல மேன்?"

"தெரியல சார்."

இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தன. டிக்ரூஸ் பென்சிலைக் கீழே வைத்தார். நான் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். தவறு முழுவதும் முனுசாமியுடையது என்று அது தெளிவாகச் சொல்லியது. என் கையெழுத்து அன்று வழக்கம்போல நன்றாக இருந்தது. முனுசாமி பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "கறையைப் பத்தி ஏன் சொல்லலே?"

"சொன்னா இன்னா சார் ஆவும்? அங்க கறை கீதா? பலகை பளபளன்னு கீது. நான் சொல்லுவேன் இருந்திச்சின்னு. நீங்க சொல்லுவீங்க இல்லன்னு. ரெண்டு பேச்சுல எது நிக்கும்?"

"நான் இல்லேன்னு சொல்லுவேன்னு நீ எப்படிச் சொல்றே?"

"காலைல இருந்து ஒண்ணும் சொல்லலியே சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார். பிறகு மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஐந்து நாற்பதுக்கு நான் மறுபடி உள்ளே போய் டைரியை டிக்ரூஸின் மேசையில் வைத்தேன். அவர் பக்கத்தைப் படித்தார். எண்களைப் படித்தார். தலைப்பை இரண்டு முறை படித்தார். தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் படிப்பார்.

"இந்த டைரி ரயில்வே சொத்தா, உன் சொத்தா?"

"என் சொத்து சார்."

"அப்ப நான் இதைப் பாக்கணும்னு கட்டாயம் இல்லே." மூடி என் பக்கம் தள்ளினார். "ஜனவரிலே அசிஸ்டன்ட் ஃபோர்மன் லிஸ்ட் போவுது. உன் பேர் ஃபர்ஸ்ட். தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஆறு வருஷமாத் தெரியும் சார்."

டைரி மேசையின் விளிம்பில் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தால் ஆறு மணிக்குக் கிளம்பியிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன்; எவ்வளவு நேரம் என்று டைரியில் இல்லை. பிறகு அதைத் திறந்து, அதே பக்கத்தை எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

டிக்ரூஸ் பெருமூச்சு விடவில்லை. பாராட்டவும் இல்லை. "இது பேப்பர்," என்றார். "இந்த நம்பர் சரின்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குக் காலைலே இதே எஞ்சினு, இதே காலி டெண்டரு. தண்ணி ஊத்தாதே. ஃபர்ஸ்ட் உன் கோட்டுலே நிறுத்து. அப்புறம் உன் புக்குலே இருக்குற நம்பர்லே நிறுத்து. அங்கே ரெண்டு பேர் தள்ளித் திரும்பிச்சுன்னா, அவன் பேர் வெளியே, உன் பேர் உள்ளே. திரும்பலேன்னா ரெண்டு பேரும் உள்ளே. போ."

வீட்டுக்குப் போக ஏழு பத்து. மனைவி சோறு போட்டாள். என்ன விஷயம் என்று கேட்டாள். எஞ்சின் ஒன்று குழியில் இறங்கியது என்றேன். ஏற்றியாகிவிட்டதா என்றாள். ஆயிற்று என்றேன்.

மறுநாள், நவம்பர் 13, புதன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டேபிளுக்குப் போய்விட்டேன். எஞ்சின், முந்தின நாள் இறக்கிவிட்ட வெளிப்பாதையில் நின்றது. நீராவி மட்டும் ஏற்றியிருந்தார்கள். ஆறு மணிக்கு வரதன் அதைக் கொண்டுவந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்தினார். தாழை எடுத்ததும் நான்கு பேர் தள்ளினார்கள். டேபிள் அசையவில்லை. டிக்ரூஸ் தொப்பியைத் தலையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை, எஞ்சினை நகர்த்துவதற்கு முன் தாழைப் போடச் சொன்னார்.

"இப்ப புக்கு," என்றார்.

ஏழு எண்கள் என்னிடம் இருந்தன. அன்றைய டெண்டருக்கு எது என்று எனக்குத் தெரியாது. முனுசாமியைப் பார்த்தேன். அவர் எதுவும் கேட்காமல் டெண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கூழாங்கல்லால் தட்டிக்கொண்டே போனார். தண்ணீர் மட்டம் வந்த இடத்தில் சத்தம் மாறியது. பிறகு கரி அறையை எட்டிப் பார்த்தார்.

"விளிம்புல இருந்து ரெண்டாவது," என்றார்.

"எட்டு அங்குலம்," என்று படித்தேன்.

டேப்பை விளிம்பில் வைத்து எட்டில் ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தேன். வரதன் ஒரு மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் பின்னால் வந்தார். சக்கரம் சாக்பீஸின் மேல் நின்றது. தாழை எடுத்தார்கள். டிக்ரூஸ் மற்றவர்களை விலகச் சொல்லி, ஒரு முனைக்கு முனுசாமியையும் எதிர்முனைக்கு என்னையும் போகச் சொன்னார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தள்ளுகட்டையைத் தொட்டுப் பத்து ஆண்டுகளாகியிருந்தன. நெஞ்சைக் கட்டையில் கொடுத்தேன். முதல் அடிக்குக் கால் வழுக்கியது. இரண்டாவது அடிக்கு டேபிள் நகர்ந்தது. அதன் பிறகு நடந்து போவது மட்டும்தான் வேலை.

முழு வட்டம் போய் வந்தோம். டிக்ரூஸ் நின்ற இடத்திலேயே விசாரணைத் தாளை முழங்காலில் வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை எழுதினார். ஜனவரிப் பட்டியலில் என் பெயர் போகவில்லை. அதற்கு அடுத்த ஜனவரியிலும் போகவில்லை.

முனுசாமி உள்ளே போய்த் தார் டின்னோடு வந்தார். பலகையின் அருகில் குந்தி உட்கார்ந்து, விரலை டின்னில் விட்டார்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"அஞ்சு," என்றேன், டேப்பைப் பிடித்துக்கொண்டு.

ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்து, இருபத்திரண்டு முடிந்ததும் நிறுத்தினார். "இந்த வெள்ளைக் கோட்ட இன்னா சார் பண்றது?"

"இருக்கட்டும். அது ஏழாவது."

அவர் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். "நீட்டா கீது," என்றார்.

ஆறு ஐம்பதுக்கு அடுத்த எஞ்சின் ஏறியது.